திக்குவதை யாரிடம், எப்போது, எப்படிச் சொல்வது?

உங்கள் நிலையில் இருக்கும் வேறு சிலரும் இதைப் படிக்கக்கூடும் என்பதால், நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு வயது 28. வேளச்சேரியில் பெற்றோருடன் இருந்துகொண்டு, பழைய மகாபலிபுரம் சாலையில் உள்ள ஒரு மென்பொருள் நிறுவனத்துக்கு வேலைக்குப் போய் வருகிறீர்கள். சிறு வயது முதலே உங்களுக்குத் திக்கும். ஆனால் அது வெளியே தெரியாதபடி இத்தனை ஆண்டுகள் சமாளித்துவிட்டீர்கள். இப்போது அலுவலகத்தில் டீம் லீட் பொறுப்பை ஏற்கச் சொல்கிறார்கள். வீட்டில் பெண் பார்க்கத் தொடங்கியிருக்கிறார்கள். இரண்டுமே பேசாமல் கடக்க முடியாத காரியங்கள். திக்குவாய் உள்ளவர்களின் சுயஉதவிக் குழு ஒன்றுக்குப் போய்வரும் நண்பர், "மறைக்காமல் சொல்லிவிடு, தைரியம் தானாக வரும்" என்கிறார். முதலில் சிகிச்சை எடுத்துக் குணமாகிவிட்டு, பிறகு அதைப் பழைய கதையாகச் சொல்லிக்கொண்டால் போதாதா என்பது உங்கள் கேள்வி. சொல்வதால் உண்மையிலேயே நம்பிக்கை பிறக்குமா, அல்லது இருக்கிற மரியாதையும் போய்விடுமா என்ற அச்சம் அந்தக் கேள்விக்குள் இருக்கிறது.

பேச்சு, மொழிச் சிகிச்சைத் துறையில் சென்னையில் நெடுங்காலமாகப் பணியாற்றி வரும் அனுபவத்தில் என் கருத்தை நேராகவே சொல்கிறேன். குணமான பிறகு சொல்கிறேன் என்று காத்திருப்பவர்களில் பெரும்பாலோர் கடைசிவரை சொல்வதே இல்லை. திக்குவதைவிட, திக்குவதை மறைக்க அவர்கள் இரவும் பகலும் செய்யும் வேலைதான் அவர்களை அதிகம் வாட்டுகிறது. அந்த வேலை நிற்காமல் சிகிச்சையும் நிலைப்பதில்லை. ஆகவே வெளியே சொல்வது என்பது சிகிச்சை முடிந்த பின் வெளியிட வேண்டிய அறிவிப்பாக இருக்க முடியாது. அது சிகிச்சையின் தொடக்கத்திலேயே இடம்பெற வேண்டியது. ஆனால் உங்கள் நண்பர் சொன்னதிலும் பாதிதான் எனக்கு உடன்பாடு. தைரியம் தானாக வராது. யாரிடம், எந்த வரிசையில், எந்தச் சொற்களால் சொல்கிறீர்கள் என்பதைப் பொறுத்தே அது வரும், அல்லது வராமல் போகும்.

அடிப்படைச் செய்திகள் சிலவற்றை முதலில் தெளிவுபடுத்திக்கொள்வோம், ஏனெனில் சொல்லத் தயங்குபவர்களில் பலர், தங்கள் பலவீனத்தாலோ பெற்றோரின் தவறாலோ இது வந்தது என்று உள்ளூர நம்பிக்கொண்டிருக்கிறார்கள். திக்குவாய் பெரும்பாலும் 2 வயதுக்கும் 5 வயதுக்கும் இடையில் தொடங்குகிறது. குழந்தைகளில் நூற்றுக்கு ஏறத்தாழ ஐந்து பேருக்கு ஏதோ ஒரு கட்டத்தில் வந்தாலும், அவர்களில் பெரும்பாலோருக்குத் தானாகவே நீங்கிவிடுகிறது. பெரியவர்களில் நூற்றுக்கு ஒருவர் அளவில் நிலைத்துவிடுகிறது, அவர்களுள் ஆண்களே மிக அதிகம். பேச்சுக்கான அசைவுகளை உரிய நேரத்தில் தொடங்கி வைக்கும் மூளைப் பகுதிகளும் அவற்றை இணைக்கும் நரம்புப் பாதைகளும் சற்று வேறுபட்டு அமைந்திருப்பதைப் படமெடுப்பு ஆய்வுகள் காட்டியுள்ளன. மரபணுவுக்கும் பங்கு உண்டு. பாகிஸ்தானைச் சேர்ந்த ஒரு பெரிய குடும்பத்திலிருந்து தொடங்கிய ஆய்வின் வழியாக, அமெரிக்க மரபியலாளர் டென்னிஸ் டிரேனாவின் குழு 2010ஆம் ஆண்டில் இதனோடு தொடர்புடைய மரபணு மாற்றங்களை அடையாளம் கண்டது. அப்பா அதட்டியதாலோ, நாயைக் கண்டு பயந்ததாலோ, திக்கிப் பேசிய பக்கத்து வீட்டுப் பையனைக் கேலி செய்ததாலோ இது வருவதில்லை. நாக்கு தடித்திருப்பதும் காரணமன்று. எனவே வசம்பை உரைத்து நாக்கில் தேய்ப்பதாலும் கூழாங்கல்லை வாயில் அடக்கிக்கொண்டு பேசுவதாலும் இது போவதில்லை.

நூற்றுக்கு ஒருவர் என்ற கணக்கைச் சற்று விரித்துப் பாருங்கள். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி சென்னைப் பெருநகரப் பகுதியின் மக்கள்தொகை 86 லட்சத்துக்கு மேல். அப்படியானால் இந்த ஊரில் திக்குகின்ற பெரியவர்கள் பல்லாயிரம் பேர் இருக்க வேண்டும். நீங்கள் வேலை செய்யும் கட்டடத்திலேயே சிலர் இருப்பார்கள். அவர்களை நீங்கள் அறியாததற்குக் காரணம், உங்களைப் போலவே அவர்களும் திறமையாக மறைக்கிறார்கள் என்பதே.

மறைப்பதற்குச் சென்னை மிகவும் வசதியான ஊர். ஒரே வாக்கியத்துக்குள் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குத் தாவித் திரும்பவும் தமிழுக்கு வருவது இங்கே எவர் காதிலும் உறுத்தாது. 'செவ்வாய்க்கிழமை' தடுத்தால் 'டியூஸ்டே' என்று சொல்லித் தப்பலாம், 'பரவாயில்லை' வர மறுத்தால் 'ஓகே' இருக்கிறது. ஓட்டலில் பொங்கல் சாப்பிட ஆசைப்பட்டும், அந்த முதல் எழுத்துக்கு அஞ்சி, பக்கத்து இருக்கைக்காரர் சொன்னதையே தனக்கும் கொண்டுவரச் சொல்லிவிட்டு வருபவர்கள் உண்டு. பேருந்தில் நடத்துநரிடம் கிண்டிக்குச் சீட்டு கேட்க முடியாமல், எளிதில் வாயில் வருகிறது என்பதற்காகச் சைதாப்பேட்டைக்கு வாங்கி, மிச்சத் தூரத்தை நடந்து கடந்தவர்களை நான் அறிவேன். மெட்ரோ அட்டையும், கைப்பேசியில் கூப்பிடும் ஆட்டோவும், வாசலுக்கே வந்துவிடும் சாப்பாடும் வந்த பிறகு ஒரு நாள் முழுவதையும் அந்நியரிடம் ஒரு சொல்கூடப் பேசாமல் ஓட்டிவிட முடிகிறது. இந்த வசதிகளை எல்லாரும் பாராட்டுகிறார்கள். மறைத்து வாழ்பவரை இவை இன்னும் ஆழமாக உள்ளே தள்ளுகின்றன என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஆனால் எந்த மொழிக்குத் தாவினாலும் மாற்ற முடியாத ஒன்று உண்டு: சொந்தப் பெயர். திக்குபவர்களில் பலருக்குத் தம் பெயரே மிகக் கடினமான சொல்லாக இருப்பது இதனால்தான். இணையவழிக் கூட்டத்தில் ஒவ்வொருவராகத் தம்மை அறிமுகம் செய்துகொண்டு வரும்போது, தன் முறை வருவதற்குள் நெஞ்சு படபடக்க, மற்றவர் பேசிய எதையும் காதில் வாங்காமல், இணைப்பு அறுந்துவிட்டதாகப் பாவனை செய்து வெளியேறிவிடலாமா என்று எண்ணியபடி உட்கார்ந்திருக்கும் அனுபவம் உங்களுக்குப் புதிதாக இருக்காது. உங்கள் கடிதத்தில் நீங்கள் அதைக் குறிப்பிடவில்லை. இருந்தாலும் ஊகிக்க முடிகிறது.

இந்த மறைப்பு எப்படித் தன்னைத்தானே வளர்த்துக்கொள்கிறது என்பதுதான் இங்கே முக்கியம். ஒரு சொல்லைத் தவிர்த்தவுடன் பெரிய நிம்மதி கிடைக்கிறது. அந்த நிம்மதியே பரிசாகி, அடுத்த முறையும் தவிர்க்கத் தூண்டுகிறது. ஒவ்வொரு தவிர்ப்பும் அந்தச் சொல்லின் மீதான பயத்தை இன்னொரு சுற்று ஏற்றிவிடுகிறது. கண்ணை இறுக மூடுவது, தலையை உதறுவது, தொடையைத் தட்டுவது, 'வந்து... அதாவது...' என்று இழுப்பது ஆகியவையெல்லாம் திக்குவாயோடு பிறந்தவை அல்ல. அதிலிருந்து தப்பிக்க முயன்றபோது ஒட்டிக்கொண்டவை. கலிபோர்னியாவில் பணியாற்றிய, தாமும் திக்குவாய் உள்ளவராக இருந்த ஜோசப் ஷீஹன் என்ற உளவியலாளர் இதைக் கடலில் மிதக்கும் பனிப்பாறைக்கு ஒப்பிட்டார்: பிறர் காதில் விழும் திக்கல் நீருக்கு மேலே தெரியும் சிறு முனை; வெட்கம், பயம், தவிர்ப்பு, தன்னையே வெறுத்தல் என்பவை நீருக்கு அடியில் கிடக்கும் பெரும்பாறை. மெரினாவில் நின்று பனிப்பாறையைக் கற்பனை செய்வது கடினம் என்றாலும், இந்த உவமையைக் கேட்டவுடன் தலையசைக்காத திக்குவாயர் ஒருவரையும் நான் கண்டதில்லை. மேலே தெரிவதை மட்டும் செதுக்கிக்கொண்டிருந்தால் அடியிலிருப்பது அப்படியே இருக்கும். வெளிப்படையாகச் சொல்வது நேராக அடியில் இருப்பதைத் தொடுகிறது, ஏனென்றால் மறைக்க எதுவும் இல்லாதபோது தவிர்ப்பதற்கான காரணமே போய்விடுகிறது.

இன்னொரு ஆய்வையும் சொல்ல வேண்டும். நியூயார்க்கைச் சேர்ந்த எரிக் ஜாக்சனும் அவருடைய குழுவினரும் 2021ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், திக்குவாய் உள்ள பெரியவர்கள், தாம் பேசுவதை யாரும் கேட்கவில்லை என்று உறுதியாக நம்பியபடி தமக்குத்தாமே பேசிக்கொண்டபோது ஏறத்தாழத் திக்கவே இல்லை. பூட்டிய அறைக்குள் தடையின்றிப் பேசும் நீங்களே மாடிப்படியில் எதிர்ப்படும் மாமாவிடம் தடுமாறுவது இதனால்தான். இதைக் கேட்டு 'எல்லாம் மனப்பிரமை' என்று யாரும் முடிவு கட்டிவிடக் கூடாது. அடிப்படை வேறுபாடு உடலில்தான் இருக்கிறது. ஆனால் கேட்பவர் எதிரில் இருக்கிறார், அவர் நம்மை எடைபோடுகிறார் என்ற உணர்வு அதன்மேல் ஏற்றும் சுமை மிகப் பெரியது. கேட்பவருக்கு முன்கூட்டியே தெரியும் என்ற நிலை வரும்போது அந்தச் சுமையில் ஒரு பங்கு இறங்குகிறது.

தமிழ்ச் சமூகத்தில் இந்தச் சுமை இன்னும் கூடுதல் என்றே கருதுகிறேன். மேடைப்பேச்சால் அரசியலையே மாற்றியமைத்த மாநிலம் இது. பள்ளியில் பேச்சுப் போட்டி, பண்டிகை நாளில் பட்டிமன்றம், கல்யாண வீட்டில் வாழ்த்துரை என்று சரளமான நாக்கையே அறிவின் அடையாளமாகக் கொண்டாடும் ஊரில், திக்குபவரைத் திரைப்படம் பெரும்பாலும் சிரிப்புக்கே பயன்படுத்தி வந்திருக்கிறது. பக்கத்து மாநிலத்தில் இதற்கு ஒரு மாற்று உதாரணம் உண்டு. 1957ஆம் ஆண்டில் கேரளத்தின் முதல் முதலமைச்சரான இ.எம்.எஸ். நம்பூதிரிபாட் திக்கிப் பேசுபவர். அதை அவர் மறைக்கவில்லை. "நீங்கள் எப்போதும் திக்குவீர்களா?" என்று ஒரு செய்தியாளர் கேட்டதற்கு, "இல்லை, பேசும்போது மட்டும்தான்" என்று அவர் பதிலளித்ததாகச் சொல்வார்கள். நகைச்சுவை உணர்வு எல்லாருக்கும் அப்படி அமைந்துவிடாது என்றாலும், கேள்வி கேட்டவர் கையில் இருந்த ஆயுதம் அந்தப் பதிலுக்குப் பின் பயனற்றுப் போனதைக் கவனியுங்கள்.

இனி, மரியாதை போய்விடுமா என்ற உங்கள் அச்சத்துக்கு வருகிறேன். டெக்சாஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கோர்ட்னி பேர்டும் அவருடைய குழுவினரும், திக்கிப் பேசுபவர்களின் காணொளிகளைப் பார்வையாளர்களுக்குக் காட்டி, 2017ஆம் ஆண்டில் இதைப் பற்றிய ஆய்வுகளை வெளியிட்டார்கள். தொடக்கத்திலேயே தமக்குத் திக்கும் என்று சொன்னவர்களை, சொல்லாமல் திக்கியவர்களைவிட நட்பானவர்களாகவும் தன்னம்பிக்கை உள்ளவர்களாகவும் பார்வையாளர்கள் மதிப்பிட்டார்கள். இதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது இன்னொரு முடிவு: இயல்பாகத் தகவல் சொல்வதுபோல் சொன்னவர்களுக்கே இந்த நன்மை கிடைத்தது, மன்னிப்புக் கேட்கும் தொனியில் சொன்னவர்களுக்கும் ஒன்றுமே சொல்லாதவர்களுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை. அமெரிக்கப் பார்வையாளர்களை வைத்துச் செய்த ஆய்வை நம் ஊருக்கு அப்படியே பொருத்திவிட முடியாது என்பது உண்மைதான். ஆனாலும் நான் இங்கே பார்த்து வருவது இதோடு நன்றாகப் பொருந்துகிறது.

ஆகவே சொற்களை முன்கூட்டியே தயார் செய்துகொள்ளுங்கள். "சாரி, எனக்குச் சரியாப் பேச வராது, தப்பா எடுத்துக்காதீங்க" என்று தொடங்கினால், எதிரில் இருப்பவர் உங்களுக்காக வருத்தப்படத் தொடங்கிவிடுவார். பிறகு உங்கள் பேச்சில் உள்ள பொருளைவிட உங்கள் நிலைமைதான் அவர் மனத்தில் நிற்கும். "எனக்குத் திக்கும். சில வார்த்தைக்குக் கொஞ்சம் நேரம் ஆகும், நானே முடிச்சிடுவேன். எதாவது புரியலைன்னா திரும்பக் கேளுங்க" என்பது போதும். மூன்று சிறு வாக்கியங்கள். இவற்றுள் ஒன்று கேட்பவர் என்ன செய்ய வேண்டும் என்பதைச் சொல்லிவிடுகிறது. பெரும்பாலோர் கேலி செய்ய விரும்புவதில்லை, என்ன செய்வதென்று தெரியாமல்தான் பார்வையைத் திருப்பிக்கொள்கிறார்கள், சொல்லை எடுத்துக்கொடுக்கிறார்கள், 'மெதுவாப் பேசுப்பா' என்கிறார்கள். இந்த வாக்கியங்களைச் சொல்லும்போதே உங்களுக்குத் திக்கும் என்பதில் ஐயமில்லை. அதனால் கெடுதல் ஒன்றும் இல்லை. சொன்னதற்குச் சான்று அங்கேயே கிடைத்துவிடுகிறது.

வரிசை பற்றிச் சொல்கிறேன். எல்லாரிடமும் ஒரே நாளில் அறிவிப்பது வீரமாகத் தோன்றலாம். நான் அதைப் பரிந்துரைப்பதில்லை. நம் சங்க அகப்பாடல்களில் அறத்தொடு நிற்றல் என்றொரு துறை உண்டு. தலைவி தன் காதலைத் தோழிக்குச் சொல்கிறாள், தோழி வளர்ப்புத் தாயான செவிலிக்கு, செவிலி பெற்ற தாயான நற்றாய்க்கு, நற்றாய் தந்தைக்கும் தமையன்மாருக்கும் சொல்கிறார்கள். வெளியே சொல்ல அஞ்சும் ஓர் உண்மை, ஒவ்வொரு படியிலும் அதைத் தாங்கத்தக்க ஒருவரிடம் சேர்ந்து, அவர் துணையோடு அடுத்த படிக்குப் போகிறது. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் அகப்புலவர்கள் அமைத்துக்கொண்ட இந்த ஒழுங்கு, இன்று சிகிச்சையில் நாங்கள் வகுத்துக்கொடுக்கும் படிநிலைகளோடு வியக்கத்தக்க வகையில் ஒத்துப்போகிறது. உங்களுக்குத் தோழியின் இடத்தில் இருப்பவர் யார் என்று முதலில் முடிவு செய்யுங்கள். பெரும்பாலும் அது ஒரு பழைய நண்பராக இருக்கும். அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கவும் கூடும்.

கடினமான படி வீடுதான். இருபது ஆண்டுகளாக ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தும், திக்குவாய் என்ற சொல்லையே ஒருமுறைகூட உச்சரிக்காத குடும்பங்கள் பல உண்டு. தொலைபேசி ஒலித்தால் அம்மா ஓடிவந்து எடுப்பார். உறவினர் ஏதாவது கேட்டால் அப்பா முந்திக்கொண்டு பதில் சொல்வார். அது அன்பினால் செய்வதுதான், ஆனால் இது பேசக்கூடாத ஒன்று என்ற பாடத்தையும் அதே அன்பு குழந்தைக்குக் கற்பித்துவிடுகிறது. பெற்றோரின் மௌனத்துக்கு அடியில் பெரும்பாலும் குற்ற உணர்ச்சி கிடக்கும். அன்றைக்கு அடித்திருக்கக் கூடாது, இடது கையால் எழுதியதை மாற்றியிருக்கக் கூடாது, அந்த ஊர்ப் பள்ளியில் சேர்த்திருக்கக் கூடாது என்று அவர்கள் தமக்குள்ளேயே ஒரு கணக்கு வைத்திருப்பார்கள். ஆகவே அவர்களிடம் பேசும்போது உங்கள் வேதனையில் தொடங்க வேண்டாம். இது எப்படி வருகிறது என்று மேலே சொன்ன செய்திகளில் தொடங்குங்கள். "இது உங்களால வரலப்பா" என்ற ஒரு வாக்கியத்தைக் கேட்பதற்காகவே பல ஆண்டுகளாகக் காத்திருந்ததுபோல் அழுத தந்தையர் உண்டு. அதன் பிறகு, எனக்குப் பதிலாகப் பேசாதீர்கள், நானே பேசி முடிக்கும்வரை காத்திருங்கள் என்ற கோரிக்கையை வைப்பது எளிதாகிவிடும்.

பெண் பார்க்கும் விஷயத்தில் என் கருத்து உறுதியானது. நிச்சயதார்த்தத்துக்கு முன், அந்தப் பெண் நீங்கள் திக்குவதைத் தம் காதாலேயே கேட்டிருக்க வேண்டும். தரகர் வழியாகவோ, ஜாதகத்தோடு சேர்த்து ஒரு குறிப்பாகவோ போய்ச் சேரக் கூடாது. "அங்கே போய் அதிகம் பேசாதே" என்று வீட்டில் அறிவுரை சொல்வார்கள். அதைக் கேட்டு ஒரு மணி நேரம் புன்னகையோடு அமர்ந்துவிட்டு வந்தால், அந்த மௌனத்தை வாழ்நாள் முழுவதும் காப்பாற்ற வேண்டிவரும். பிள்ளைகளுக்கும் வருமா என்று அவர் கேட்டால், குடும்ப வழியாக வரும் வாய்ப்பு சற்று உண்டு, வந்தாலும் குழந்தைகளில் பெரும்பாலோருக்கு நீங்கிவிடும், தொடக்கத்திலேயே கவனித்தால் நல்ல சிகிச்சைகளும் உண்டு என்று உள்ளபடியே சொல்லுங்கள். ஒரு வரன் தட்டிப்போகலாம். தட்டிப்போனால் வலிக்கும், அதைக் குறைத்துச் சொல்ல நான் விரும்பவில்லை.

அலுவலகத்தில் முதலில் மேலாளரிடம் தனியாகச் சொல்லுங்கள், பிறகு குழுவினரிடம். விலக்குக் கேட்காதீர்கள், 'என்னைப் பேசச் சொல்ல வேண்டாம்' என்று கேட்டுப் பெறும் சலுகை, மறைப்பின் இன்னொரு உருவம்தான். காலைக் கூட்டத்தில் முதல் ஆளாகப் பேச அனுமதி கேட்கலாம், முறைக்காகக் காத்திருக்கும்போதுதான் பதற்றம் ஏறுகிறது என்பதால். சட்டப் பாதுகாப்பை அதிகம் நம்பியிருக்க வேண்டாம்: மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, தான் பட்டியலிடும் 21 வகைகளுள் பேச்சு, மொழிக் குறைபாட்டையும் சேர்த்திருந்தாலும், அதன் விளக்கம் குரல்வளை அகற்றப்பட்டவர்களையும் மூளைப் பாதிப்பால் மொழித்திறன் இழந்தவர்களையுமே எடுத்துக்காட்டாகக் கூறுகிறது.

நம்பிக்கை என்ற சொல்லை நீங்கள் இரண்டு முறை பயன்படுத்தியிருக்கிறீர்கள். திக்குவாய்க்கு நிரந்தரத் தீர்வு என்று சுவரொட்டியிலும் நள்ளிரவுத் தொலைக்காட்சியிலும் விற்கப்படுவதும் நம்பிக்கைதான். ஒரு வார முகாமில் சொற்களை நீட்டி நீட்டிப் பேசப் பழக்கி, ஏறத்தாழத் தடையற்ற பேச்சைக் கொண்டுவந்துவிட முடியும். வீடு திரும்பிச் சில வாரங்களில் பழைய திக்கல் வந்துவிடுவதும் மிகச் சாதாரணம். திக்காமல் இருப்பதன் மேலேயே நம்பிக்கையைக் கட்டியவர், திக்கிய ஒவ்வொரு முறையும் அதை இழக்கிறார். சி. ஆர். ஸ்னைடர் என்ற அமெரிக்க உளவியலாளர் நம்பிக்கையை மூன்றாகப் பிரித்தார்: அடைய வேண்டிய இலக்கு, அதற்கான வழிகள், அந்த வழியில் என்னால் நடக்க முடியும் என்ற எண்ணம். இலக்கை 'திக்கவே கூடாது' என்பதிலிருந்து 'சொல்ல நினைத்ததைச் சொல்லிவிட வேண்டும்' என்பதற்கு மாற்றிக்கொண்டால், வழிகள் பல திறக்கின்றன, நடக்கவும் முடிகிறது. பெரியவர்களுக்குத் திக்குவாய் முற்றிலும் மறைவது அரிது. ஆனால் திணறல் குறைந்து, எளிதாகத் திக்கி, வேண்டிய இடத்தில் வேண்டியதைப் பேசும் நிலையைப் பலர் அடைகிறார்கள்.

என்னால் முடியும் என்ற அந்த எண்ணம் சுயஉதவிக் குழுவில்தான் வேகமாக வளர்கிறது. குழுச் சிகிச்சையை ஆராய்ந்த அமெரிக்க மனநல மருத்துவர் இர்வின் யாலம், அது பலனளிக்கும் காரணங்களுள் முதலில் வைத்தவை, நம்பிக்கை ஊட்டப்படுவதும், 'எனக்கு மட்டும் அல்ல' என்று உணர்வதும். தன்னைவிட அதிகமாகத் திக்கும் ஒருவர் வங்கியில் மேலாளராக இருப்பதையும், அவருடைய மனைவி பக்கத்தில் அமர்ந்து அவர் வாக்கியத்தை அவரே முடிக்கும்வரை காத்திருப்பதையும் ஒருவன் நேரில் பார்க்கும்போது நடப்பதை என் சிகிச்சை அறைக்குள் என்னால் உண்டாக்க முடியாது. தி இந்தியன் ஸ்டாமரிங் அசோசியேஷன் என்ற அமைப்பைச் சார்ந்து நம் நாட்டின் பல நகரங்களில் இத்தகைய குழுக்கள் இயங்குகின்றன, இணையவழியிலும் கூடுகிறார்கள். அங்கே வேண்டுமென்றே திக்கிப் பழகும் பயிற்சியும் உண்டு. தி. நகர்க் கடை ஒன்றில் நுழைந்து, வராத திக்கலை வரவழைத்துச் சட்டையின் விலையைக் கேட்பது அபத்தமாகத் தோன்றும். ஆனால் கடைக்காரர் சற்றுக் காத்திருந்துவிட்டு, விலையைச் சொல்லி, வேறு நிறமும் இருக்கிறது என்று எடுத்துப் போடும்போது, மனம் எதிர்பார்த்திருந்த பேரிடருக்கும் நடந்ததற்கும் உள்ள தூரம் கண்ணுக்குத் தெரிந்துவிடுகிறது.

சிகிச்சையும் வேண்டாம் என்று இதற்குப் பொருளில்லை. போரூர் ஸ்ரீ ராமச்சந்திராவிலும், முட்டுக்காட்டில் உள்ள பல்வகைக் குறைபாடுகளுக்கான மத்திய அரசின் தேசிய நிறுவனத்திலும் பேச்சுச் சிகிச்சைப் பிரிவுகள் உள்ளன. தனியாரிடம் போவதாக இருந்தால், அவர் இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு பெற்றவர்தானா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். 'முழுக் குணத்துக்கு உத்தரவாதம்' என்பவரிடம் பணம் கட்ட வேண்டாம்.

எல்லா இடத்திலும் சொல்லித்தான் ஆக வேண்டும் என்ற கடமை உங்களுக்கு இல்லை. தொடர்ந்து நையாண்டி செய்யும் ஒருவரிடம் மனத்தைத் திறப்பது துணிச்சலில் சேராது. நேர்முகத் தேர்வில் சொல்வதா என்பதை அந்தந்த இடத்தைப் பார்த்து முடிவு செய்யலாம். நான் பொதுவாகச் சொல்லிவிடச் சொல்வேன். பேசும் சூழலையே அஞ்சி ஒதுங்கும் சமூகப் பதற்றம் திக்குவாய் உள்ள பெரியவர்களிடம் மிகுதி. அது தனியே உளவியல் சிகிச்சைக்கு உரியது, பலனும் கிடைக்கிறது. உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை. ஆனாலும் வாழ்வே வேண்டாம் என்ற எண்ணம் இதைப் படிக்கும் எவருக்காவது இருந்தால், இவற்றையெல்லாம் ஒதுக்கி வைத்துவிட்டு உடனே பேச வேண்டிய இடங்கள் உண்டு: சென்னையின் ஸ்னேகா அமைப்பு, எண் 044 24640050, அரசின் டெலி மானஸ் சேவை, எண் 14416. எடுப்பவர் பயிற்சி பெற்றவர். எத்தனை நேரம் திக்கினாலும் வைத்துவிட மாட்டார்.

முதல் நாளே சுயஉதவிக் குழுவில் பேச வேண்டுமா என்றும் கேட்டிருந்தீர்கள். வேண்டாம். போய் உட்காருங்கள், மற்றவர்கள் தம் பெயரைச் சொல்வதைக் கேளுங்கள். உங்கள் முறை வரும்போது கையசைத்து அடுத்தவருக்கு விட்டுவிடலாம், யாரும் வற்புறுத்த மாட்டார்கள். டீம் லீட் பதவிக்கு மட்டும் 'மாட்டேன்' என்று அவசரப்பட்டுப் பதில் எழுதிவிடாதீர்கள். மேலாளரிடம் அந்த மூன்று வாக்கியங்களைச் சொல்லிவிட்டு, அவர் என்ன சொல்கிறார் என்று கேட்ட பிறகு முடிவு செய்யுங்கள்.